முல்லை திரிந்த வெண்பாலை: தென்துருவமும் திண்டிவனமும்

தமிழர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தபோது பனிநிலத்திற்கு இடம் வைக்கவில்லை. பனி நமக்கு ஒரு பருவத்தின் பெயர். முன்பனி, பின்பனி என ஆண்டில் நான்கு திங்களை அதற்கு ஒதுக்கினோம். ஆண்டு முழுவதும் பனியே தரையாகவும் மலையாகவும் கிடக்கும் ஒரு நாட்டை நம் முன்னோர் கண்டிலர். வடக்கே நின்ற இமயமே அவர்கள் அறிந்த பனியின் எல்லை. எனவே தென்துருவப் பயண வரலாற்றைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு ஒரு வினா எழுவது இயல்பு: அந்த நிலத்தை எந்தத் திணையில் வைப்பது?

பாலையில் வைக்கலாம் என்பது இக்கட்டுரையின் விடை. உவமை நயம் கருதிச் சொல்லும் விடை அன்று இது. இதற்குச் சான்று கல்லில் இருக்கிறது. ஒரு கல் 1912ஆம் ஆண்டு தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டவர்களின் சறுக்குவண்டியில் கிடைத்தது. மற்றொரு கல் நம் திண்டிவனத்திற்கு அண்மையில் திருவக்கரையில் கிடக்கிறது.

பாலையின் இலக்கணம்

பாலை என்றதும் மணல்வெளியையும் கானல்நீரையும் நினைப்பது இன்றைய வழக்கம். இலக்கண நூலார் கருத்து வேறு. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. பொழுதை மட்டுமே வகுத்தார். நண்பகலும் வேனிலும் அதற்குரியன என்று கூறியவர், பின்பனிக்காலமும் அதற்கு உரியது என்று சேர்த்துரைத்தார். பாலைக்குள் பனிக்கும் இடம் உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இளங்கோவடிகள் காடுகாண் காதையில் மேலும் தெளிவாக்குகிறார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்து, நலம் அழிந்து, துன்பம் தரும் வடிவம் கொள்ளும்போது அதுவே பாலை எனப்படும் என்பது அவர் கருத்து. பாலை என்பது பிறப்பிலேயே பாழாக அமைந்த நிலம் அன்று. ஒரு காலத்தில் காடாகவோ மலையாகவோ செழித்து, பின் தன் இயல்பை இழந்த நிலம். அதற்குரிய உரிப்பொருள் பிரிவு.

இந்த இலக்கணத்தை அண்டார்க்டிகாவின்மேல் வைத்துப் பார்ப்போம். ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்கண்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு பனியால் மூடப்பட்டுள்ளது. பனிப்பாளத்தின் சராசரிக் கனம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். 1983ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் வோஸ்டாக் என்னும் சோவியத் நிலையத்தில் உறைநிலைக்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸ் குளிர் பதிவாயிற்று. இத்தனை நீர் உறைந்து கிடப்பினும், உள்நாட்டுப் பகுதியில் ஓராண்டில் பெய்யும் பனியை உருக்கி அளந்தால் 50 மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆதலால் புவியியலாரும் அதனைப் பாலை என்றே வகைப்படுத்துகின்றனர்.

பெயர் பொருந்திவிட்டது. இளங்கோவடிகள் கூறிய நிபந்தனை எஞ்சி நிற்கிறது. இந்நிலம் முன்பு காடாக இருந்ததா? இருந்தது என்று காட்டியவர்கள் அதன்பொருட்டுப் பயணம் புறப்பட்டவர்கள் அல்லர். துருவத்தை முதலில் அடைந்து தம் நாட்டுக் கொடியை நாட்டவே அவர்கள் சென்றனர். அதில் அவர்கள் தோற்றனர்.

பதினாறு கிலோ கல்

நார்வே நாட்டு ரோல்டு அமுண்ட்சென் 1911ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளும், பனியில் வாழப் பழகிய மக்களிடம் கற்ற உடையும் அவருக்குக் கைகொடுத்தன. இங்கிலாந்தின் இராபர்ட் ஃபால்கன் ஸ்காட் நான்கு தோழருடன் 1912ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் அங்குச் சேர்ந்தபோது, முன்னரே நாட்டப்பட்டிருந்த நார்வேக் கூடாரத்தைக் கண்டார். பல நூறு கல் தொலைவு வண்டியைத் தம் தோளால் இழுத்து வந்தவர்களுக்கு எஞ்சியது அதே தொலைவைத் திரும்பி நடப்பது ஒன்றே.

திரும்பும் வழியில், பியர்ட்மோர் பனியாற்றின் மேற்பகுதியில் பக்லி மலையருகே, பெப்ருவரி 8ஆம் நாள் அவர்கள் தங்கினர். பனி விலகிப் பாறை வெளிப்பட்டிருந்த இடம் அது. குழுவின் மருத்துவரும் இயற்கையியலாளரும் ஓவியருமான எட்வர்டு வில்சன் அங்கே நிலக்கரிப் படுகைகளைக் கண்டார். இலைகளின் தடம் பதிந்த கற்களையும் எடுத்தார். அக்கற்களின் எடை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. உணவு குறைந்து, உடல் நலிந்து, கால்விரல்கள் பனியில் கருகத் தொடங்கியிருந்த அந்த நிலையிலும் அவர்கள் கற்களை வண்டியில் ஏற்றினர்.

பின் நிகழ்ந்தது உலகறிந்தது. பெப்ருவரி 17இல் எட்கர் எவான்சு இறந்தார். மார்ச்சுத் திங்களின் நடுவில், தம்மால் பிறர்க்குத் தாமதம் நேர்வதைக் கண்ட ஓட்சு, கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுள் நடந்து மறைந்தார். ஸ்காட்டின் நாட்குறிப்பு மார்ச்சு 29ஆம் நாளோடு முடிகிறது. அவர்கள் கடைசியாகத் தங்கிய இடத்திற்கும் உணவும் எரிபொருளும் வைத்திருந்த கிடங்கிற்கும் இடையே இருந்த தொலைவு 11 மைல். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்றோர் கூடாரத்தைக் கண்டனர். ஸ்காட், வில்சன், பவர்சு ஆகிய மூவர் உடல்களும், நாட்குறிப்புகளும், அந்தக் கற்களும் அங்கே இருந்தன. கூடாரத்தை உடல்களின்மேல் சாய்த்து, அதன்மேல் பனியைக் குவித்து மேடு எழுப்பிவிட்டு அவர்கள் திரும்பினர்.

இறக்கும் நிலையிலும் கல்லை எறியாதது அறியாமை என்று கூறியோர் உண்டு. அவர்கள் அழிவுக்குக் காரணங்கள் பல: உண்ட உணவு உழைப்புக்குப் போதவில்லை, கிடங்குகளில் வைத்த எண்ணெய் கசிந்து குறைந்திருந்தது, அவ்வாண்டு மார்ச்சுக் குளிர் வழக்கத்தினும் கடுமையாக இருந்தது. இவற்றிற்கிடையே 16 கிலோ கல்லின் பங்கு சிறிது எனலாம். எனினும் நம் வினா அது அன்று. அவர்கள் ஏன் அதனை இழுத்தனர் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

சிலப்பதிகாரம் படித்தோர்க்கு இங்கே வஞ்சிக்காண்டம் நினைவுக்கு வரும். கண்ணகிக்குப் படிவம் சமைக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான். போரில் தோற்ற கனக விசயரின் முடித்தலையில் அக்கல்லை ஏற்றினான். இரு கதைகளிலும் பனிநாட்டிலிருந்து கல்லைச் சுமந்து வந்தோர் தோற்றவரே. ஆனால் கனக விசயர் வென்றவன் ஆணையால் சுமந்தனர். வில்சனையும் ஸ்காட்டையும் எவரும் ஏவவில்லை. பந்தயத்தில் தோற்ற பின்னும் தம் பயணத்திற்கு ஒரு பொருள் உண்டு என்று அவர்கள் கருதினர்; அப்பொருளைத் தாமே இழுத்து வந்தனர். நம் மரபில் வீரன் மடிந்த பின் பிறர் அவனுக்குக் கல் நடுவர். இவர்கள் தம் நடுகல்லைத் தாமே தேர்ந்து கொண்டவர்கள்.

பிரிந்த நிலம்

1914ஆம் ஆண்டு ஏ. சி. சீவர்டு என்னும் தாவர ஆய்வாளர் அக்கற்களை ஆராய்ந்து, அவற்றிலிருந்த இலை குளோசாப்டெரிசு இண்டிகா என்று அறிவித்தார். பெயரின் பின்பகுதியை நோக்குக; இந்தியாவின் பெயரே அது. நாக்கு வடிவம் கொண்ட அந்த இலையின் பதிவுகள் இந்திய நிலக்கரிப் படுகைகளில் முன்னரே கண்டறியப்பட்டிருந்தன. ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரத்தின் இலை அது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆத்திரேலியா, தென்னமெரிக்கா ஆகிய நாடுகளில் கிடைத்த அதே இலை, மரமென்பதே இல்லாத பனிநாட்டிலும் கிடைத்தது.

இந்நிலங்கள் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்தன என்னும் கருத்து அதற்கு முன்பே தோன்றியிருந்தது. எடுவர்டு சூயெசு என்னும் ஆத்திரிய அறிஞர் 1885ஆம் ஆண்டளவில் அப்பெருநிலத்திற்குக் கோண்டுவானா நிலம் எனப் பெயரிட்டார். நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர் அது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்பிரடு வெகனர் செருமனியில் முதன்முதலில் உரையாற்றியது 1912ஆம் ஆண்டு சனவரியில். அதே திங்களில்தான் ஸ்காட் துருவத்தில் நின்றார் என்பது வியப்பானது. வெகனரின் கருத்தை அறிஞருலகம் ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின. அவரும் 1930ஆம் ஆண்டு கிரீன்லாந்துப் பனிவெளியில், தோழர்க்கு உணவு கொண்டு சேர்த்துத் திரும்பும் வழியில் மாண்டார்.

இன்று அறிவியலார் கூறும் வரலாறு இது: ஏறத்தாழ 12 அல்லது 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்தது. பின்னர் ஆத்திரேலியாவும் தென்னமெரிக்காவும் பிரிந்தன. தனித்து நின்ற கண்டத்தைச் சுற்றிக் குளிர்ந்த கடல்நீரோட்டம் ஓடத் தொடங்கியது. காற்றில் கரியமில வாயுவின் அளவும் குறைந்தது. ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரும் பனிப்பாளம் படியலாயிற்று. காடு மறைந்தது.

முல்லை திரிந்தது, பிரிவால் திரிந்தது. வேனிலின் வெம்மை செய்ததை அங்கே குளிர் செய்தது என்பது ஒன்றே வேறுபாடு. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்று வகுத்தோர் கண்டங்களை நினைத்து வகுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் நிலம் தன் இயல்பை இழக்கும் என்று அவர்கள் கண்ட உண்மை, அவர்கள் காணாத நிலத்திற்கும் பொருந்துகிறது.

பிரிந்த நிலத்திற்கு மீளச் சென்றோர்

இந்திய நாட்டின் முதல் அண்டார்க்டிகாப் பயணக்குழு, கடலியல் அறிஞர் சை. சகூர் காசிம் தலைமையில் 21 பேருடன், 1981ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் என்னும் நார்வேக் கப்பலில் புறப்பட்டு, 1982 சனவரி 9ஆம் நாள் அங்குக் கால் வைத்தது. கொடி நாட்டும் போட்டி முடிந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1959ஆம் ஆண்டின் அண்டார்க்டிகா உடன்படிக்கை அக்கண்டத்தை அமைதிக்கும் ஆய்வுக்கும் உரியதாக்கியிருந்தது. இந்தியா 1983இல் அதில் இணைந்தது. அடுத்து அமைந்த தட்சிண கங்கோத்ரி நிலையம் பனித்தட்டின்மேல் எழுப்பப்பட்டதால் மெல்லப் பனியுள் புதைந்தது; 1990இல் கைவிடப்பட்டது. பாறைநிலத்தில் கட்டப்பட்ட மைத்ரி 1989இலும், பாரதி 2012இலும் பணி தொடங்கின. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த காலத்தின் சான்றுகளை அங்குள்ள பாறைகளில் ஆராய்தல் பாரதி நிலையத்தின் நோக்கங்களுள் ஒன்று.

தமிழ்நாட்டுத் திருவாரூர் மாவட்டச் சன்னாநல்லூரைச் சேர்ந்த இராணுவப் பொறியாளர் பா. கணேசன், 1988ஆம் ஆண்டின் நீண்ட இருளில் தட்சிண கங்கோத்ரியின் குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பெண்கள் அங்குச் செல்ல நெடுங்காலம் தடை இருந்தது. 1983-84ஆம் ஆண்டுப் பயணத்தில் பாறையியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தாவும் கடலியல் அறிஞர் அதிதி பந்தும் அத்தடையைக் கடந்த முதல் இந்தியப் பெண்கள் ஆயினர். 2016-17இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி, தம் ஐம்பத்தாறாம் வயதில், 23 பேர் கொண்ட குழுவில் தாம் ஒருவரே பெண்ணாக, பாரதியில் ஓராண்டுக்கு மேல் தங்கிப் பணியாற்றினார். பொருள்வயிற் பிரிவைத் தலைவனுக்கே உரியதாகப் பாடம் சொல்லும் நாம், வகுப்பறையில் இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

விழுப்புரத்தின் பெயரும் இவ்வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது. மண்ணின் துருவத்தில் அன்று, மதியின் துருவத்தில். விழுப்புரத்தில் தொடர்வண்டித் துறைத் தொழில்நுட்பப் பணியாளரின் மகனாகப் பிறந்து, இங்குள்ள இரயில்வே பள்ளியில் பயின்ற ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகத்து 23ஆம் நாள் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதுவரை எந்நாட்டுக் கலமும் அத்துணைத் தெற்கே மெல்ல இறங்கியதில்லை. சூரிய ஒளி ஒருபோதும் விழாத பள்ளங்களில் உறைநீர் உண்டு என்று கருதப்படும் பகுதி அது. அக்கலத்தின் கருவி முதலில் அனுப்பிய அளவுகளின்படி, தரையின் மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் வெப்பமும், 8 செண்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக் குளிரும் இருந்தன. ஒரு சாண் ஆழத்திற்குள் வேனிலும் பனியும் அடங்கிய பாலை அது. இப்பயணத்திற்கும் கல் தேவைப்பட்டது. நிலவின் மண்ணை ஒத்த மண்ணில் கலத்தைச் சோதிக்க, நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் அனார்த்தோசைட் பாறை பொடியாக்கப்பட்டது. தொலைவில் உள்ளதை அறிய அருகில் உள்ள கல்லைத் தேடும் நிலை வந்தது.

திருவக்கரைக் கல்மரங்கள்

நம் அருகில் உள்ள கல்லை நாம் அறிந்தோமா? திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியே புதுவை செல்லும் திசையில், வானூர் வட்டத்தில், வராக நதியின் கரையில் திருவக்கரை உள்ளது. ஞானசம்பந்தர் பாடிய தலம்; செம்பியன் மாதேவியாரின் திருப்பணி பெற்ற கோயில். அவ்வூரின் செம்மண் மேட்டில் ஏறத்தாழ 200 கல்மரங்கள் கிடக்கின்றன. 1781ஆம் ஆண்டு சொன்னரா என்னும் பிரெஞ்சுப் பயணி அவற்றைக் கண்டு எழுதினார். இன்று அவ்விடம் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் காவலில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா.

இவை குளோசாப்டெரிசு காலத்தவை அல்ல; மிகவும் இளையவை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலுள் புதைந்தன. வேரும் கிளையும் இன்றி அடிமரமாகவே இவை கிடப்பதற்கு அதுவே காரணம். நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் புகுந்து, மரம் கல்லாயிற்று. வளர்ச்சி வளையங்களையும் கணுக்களையும் இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். புளியமரத்தின் உறவின மரங்களும் இவற்றுள் உண்டு என்பர். திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதன் மரூஉ என்று கூறுவர். அங்குள்ள இறைவன் பெயரும் திந்திரிணீசுவரர். பெயரில் மட்டும் காடு எஞ்சிய ஊருக்கு அருகில், கல்லில் மட்டும் காடு எஞ்சிய ஊர் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஸ்காட் குழுவினரின் கதையைக் கல்மரங்களின் நடுவே நின்று சொன்னேன். ஒரு மாணவி கையில் ஒரு சிறு கல்துண்டை வைத்துக்கொண்டு, "அவர்கள் கல்லை எடுத்து வந்தது பெருமை என்றால், நாங்கள் இதை எடுத்துச் செல்வது எப்படியம்மா தவறாகும்?" என்று கேட்டாள். நல்ல வினா. வில்சன் கல்லை எடுத்தபோது, எந்தச் சரிவில், எந்தப் படுகையின் அருகே அது கிடந்தது என்பதும் நாட்குறிப்பில் எழுதப்பட்டது. இடம் தெரிந்த கல் பேசும். இடம் இழந்த கல் ஊமையாகும். வீட்டு அலமாரியில் அழகுப்பொருளாய் இருக்கும் கல்மரத் துண்டுக்கும் சாலையோரச் சல்லிக்கும் அறிவுலகில் வேறுபாடு இல்லை. இதனைச் சொன்னேன். அவள் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அண்டார்க்டிகாவில் இன்று இதுவே சட்டம். 1991ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் உருவான நெறிமுறை, ஆய்வுக்கன்றிக் கனிமம் எடுப்பதை அங்கே தடை செய்கிறது. இந்திய நாடாளுமன்றமும் 2022இல் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. மனிதர் குடியில்லாத நிலத்தின் கல்லுக்கு உலகம் கூடிக் காவல் வைத்திருக்கிறது. திருவக்கரையில் வேலிக்குள் இருக்கும் மரங்களுக்குக் காவல் உண்டு. வேலிக்கு வெளியே, வயல் வரப்பிலும் ஓடைக்கரையிலும் கிடப்பவற்றிற்கு ஊராரின் அறிவன்றி வேறு காவல் இல்லை.

தென்துருவம் நமக்குத் தொலைவானது என்று இருந்துவிடவும் இயலாது. அங்குள்ள பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும் என்று கணித்துள்ளனர். அது பல நூற்றாண்டுகளின் செய்தி. ஆனால் அதில் மிகச் சிறு பங்கு உருகினும் மரக்காணத்து உப்பளங்களும் கழுவெளியும் முதலில் அறியும். முல்லை பாலையாகத் திரிந்த வரலாற்றின் மறுபக்கம், நெய்தல் கடலுள் மறைவதாக அமையக்கூடும்.

சங்க காலத்தில் நம் திண்டிவனப் பகுதி ஓய்மாநாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, நம் கிடங்கிலையும் எயிற்பட்டினத்தையும் வழியில் காட்டும். சென்று வந்தவன் செல்பவனுக்கு வழி கூறுதல் ஆற்றுப்படை. பனியில் மாண்டோர் விட்டுச்சென்ற நாட்குறிப்பும் கல்லும் அவ்வகையினவே. அவர்களுக்குப் பின் சென்றோர் அவற்றை வழிகாட்டியாகக் கொண்டனர். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் நூல்களின்பால் ஆற்றுப்படுத்தும் பணியைச் செவ்வனே செய்து வருகிறது. இனி வரும் ஆண்டுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையேனும் திருவக்கரைக் கல்மரங்களின் நிழலில்லாத நிழலில் நடத்துதல் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே கிடக்கும் கல்மரங்களை எண்ணி, இடம் குறித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். அதற்குக் கப்பல் வேண்டா. திண்டிவனத்திலிருந்து ஒரு பேருந்துச் சீட்டுப் போதும்.